வீட்டு ஷெட்டில் சூப்பர்சார்ஜர் கஃபே ரேசர்: கேளுங்கள், சொல்கிறேன்

கோவையில் என் வீட்டுக் கார் ஷெட்டில் ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650 பைக் ஒன்றுக்கு ஐசின் ஏஎம்ஆர்500 சூப்பர்சார்ஜர், அதாவது காற்றை இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளும் பம்பு (ப்ளோயர் என்றும் சொல்வோம்), மாட்டியிருக்கிறேன். பதினான்கு மாதம் இழுத்தது. நான் மெக்கானிக் இல்லை, பம்பு கம்பெனியில் டூல் ரூம் வேலை. என்ன செய்தேன், எதைக் கெடுத்தேன், எல்லாம் சொல்கிறேன். பெயின்ட் பற்றி மட்டும் கேட்க வேண்டாம், அது மச்சானின் வேலை.

காங்கேயம் காளை: அண்ணா, 650-க்கு ஏஎம்ஆர்300 போதுமா, 500 தான் வேண்டுமா? புல்லி அளவை எப்படிக் கணக்குப் போடுவது?

நல்ல கேள்வி தம்பி, இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வண்டி 648 சிசி. நாலு ஸ்ட்ரோக் என்பதால் கிராங்க் ஒரு சுற்றுக்கு அதில் பாதி, 324 சிசி காற்றைத்தான் இழுக்கும். முழுதாகவும் இழுக்காது, தொண்ணூறு சதவீதம் என்று வையுங்கள். அரை பார் பூஸ்ட் (வெளிக்காற்றைவிட அரை பார் கூடுதல் அழுத்தம்) வேண்டுமென்றால் அதைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது சுற்றுக்கு ஏறக்குறைய 440 சிசி உள்ளே தள்ள வேண்டும். ஏஎம்ஆர்500 ஒரு சுற்றுக்கு 500 சிசி தள்ளும், கசிவு போக 440 தேறும். ஆக கிராங்க் புல்லியும் ப்ளோயர் புல்லியும் ஒரே அளவு. 300-ஐப் போட்டால் ஒன்றரை மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்ற வேண்டும். பேரிங்கும் பாவம், காற்றும் இன்னும் சூடாகும்.

சூடு என்றேனே, இந்த வேலையில் பாதி அதுதான். நம்மூர் மே மாதத்து 35 டிகிரி காற்றை இந்த ரூட்ஸ் வகை (இரண்டு சுழலிகள் காற்றை வாரித் தள்ளும்) ப்ளோயரில் அரை பார் அழுத்தினால், வெளியே வரும்போது 100 டிகிரியைத் தொட்டுவிடும். சூடான காற்று விரிந்த காற்று. மீட்டரில் ஒன்றரை மடங்கு என்று முள் காட்டும், சிலிண்டருக்குள் போவதோ 23 சதவீதம்தான் கூடுதல். நடுவில் இன்டர்கூலர் (காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) வைத்து 55 டிகிரிக்கு இறக்கினால் அதே பூஸ்டில் 40 சதவீதம் கிடைக்கும். நான் முதலில் இன்டர்கூலர் இல்லாமல்தான் ஓட்டினேன். மூன்றாவது முறை முறுக்கியதுமே வண்டி மூச்சு வாங்கியது. அப்புறம் ப்ளோயரைச் சுற்றுவதற்கே நாலு குதிரைத்திறன் போய்விடும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். 47 குதிரை வண்டி 70 ஆகிவிட்டது என்று யாராவது வீடியோ போட்டால் டைனோ (திறன் அளக்கும் மேடை) தாளைக் கேளுங்கள். என்னுடையது, கியரும் செயினும் தின்றது போக, பின்சக்கரத்தில் 40-ஐ ஒட்டி இருந்தது, இப்போது 54. அவ்வளவுதான்.

புதுவண்டி: புல்லட் 350-க்கு இதே மாதிரி போடலாமா?

போடலாம், ஆனால் அது வேறு தலைவலி. ப்ளோயர் நிற்காமல் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒற்றை சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வாயைத் திறக்கும். மூடியிருக்கும் நேரத்தில் தள்ளிய காற்று எங்கே போகும்? அதற்கு ஒரு தொட்டி வேண்டும். பிளீனம் என்பார்கள், இன்ஜின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்காவது. அதை எங்கே ஒளித்து வைப்பது என்பதுதான் புல்லட்டில் கேள்வியே. என் வண்டி இரட்டை சிலிண்டர்தான், ஆனால் 270 டிகிரி கிராங்க் என்பதால் அதுவும் சீராக மூச்சு விடாது. நான் ஒன்றரை லிட்டர் அலுமினியப் பெட்டி வைத்திருக்கிறேன்.

லேத்துக்காரன்: டிரைவ் எப்படி எடுத்தீங்க? கிராங்க் முனையிலிருந்தா? பல் பெல்ட்டா, வரி பெல்ட்டா?

நம்ம ஆள்! ஆல்டர்னேட்டர் ரோட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்குப் பதிலாக நீட்டிய தண்டு ஒன்று, இஎன்24 எஃகில் கடைந்தேன். ஆல்டர்னேட்டர் மூடியில் துளை போட்டு, அங்கே ஆயில் சீலும் தாங்கலாக ஒரு பேரிங்கும் உட்கார வைத்தேன். இந்தத் துளை கிராங்க்கின் மையத்திலிருந்து நூலிழை விலகினாலும் சீல் ஒரு வாரத்தில் ஒழுகும். மூடியை இன்ஜினில் மாட்டியபடியே, கிராங்க்கைச் சுற்றிவிட்டு டயல் கேஜ் வைத்து மையம் பார்த்தேன். 0.03 மில்லிமீட்டருக்குள் கொண்டு வர இரண்டு ஞாயிறு போனது.

பெல்ட் ஆறு வரி பாலி-வி, கார் ஆல்டர்னேட்டருக்கு வருவது. பல் பெல்ட் துல்லியம்தான், ஆனால் ப்ளோயர் இறுகிவிட்டால் விட்டுக்கொடுக்காது, தண்டை முறித்துவிடும். வரி பெல்ட் வழுக்கிக் கத்தும். எனக்குக் கத்துவதே நல்லது.

இதை எல்லோரும் கேளுங்கள்: பெல்ட்டுக்கு மூடி போடுங்கள். "சும்மா ஒரு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்று மூடி இல்லாமல் ஓட விட்டேன். டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கும் உருளை) ஆடுகிறதா என்று பார்க்கக் கையை நீட்டினேன். வலது ஆள்காட்டி விரல் நகம் இன்றைக்கும் கோணலாகத்தான் வளர்கிறது. கோவணத் துணி கூட உள்ளே போகக் கூடாத அளவுக்கு மூட வேண்டும்.

மைலேஜ் மன்னன்: மைலேஜ் எவ்வளவு வரும்?

தெரியாதுங்க. பார்த்ததில்லை.

ஆன்லைன் ஆனந்தம்: 12 வோல்ட் எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜர் என்று இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கிறார்களே, அது போதாதா?

அரை பார் அழுத்தத்தில் இந்த இன்ஜினுக்குத் தேவையான காற்றைத் தள்ள மூன்று கிலோவாட் வேண்டும். 12 வோல்ட்டில் அது 250 ஆம்பியர். அவர்கள் விற்பது மேஜை விசிறி.

ஹெச்2 வெறியன்: கவாசாகி நிஞ்சா ஹெச்2-வில் இருக்கிற மாதிரி சென்ட்ரிஃப்யூகல் போடலாமே?

அதன் இம்பெல்லர் (காற்றைச் சுழற்றி வெளியே வீசும் விசிறி) கிராங்க்கைவிட 9.2 மடங்கு வேகத்தில், நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதற்குக் கியர் பெட்டி கடைய என் லேத்தும் பத்தாது, உங்கள் லேத்தும் பத்தாது.

சோழவரம் தாத்தா: தம்பி, வேலைப்பாடு நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இதைக் கஃபே ரேசர் என்று சொல்லாதீர்கள். கஃபே ரேசர் என்பது கழற்றிப் போடுகிற கலை. மட்கார்டை வெட்டு, சீட்டைக் குறுக்கு, ஹேண்டிலைத் தாழ்த்து, முடிந்தது. 200 கிலோ வண்டியில் இன்னொரு மூட்டையை ஏற்றிவிட்டு அந்தப் பெயரையா வைப்பது? சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நாங்கள் பார்த்த ரேஸ் வண்டிகளில் இப்படி ஊதல் எதுவும் கிடையாது. 1946-லேயே பந்தயங்களில் சூப்பர்சார்ஜரைத் தடை செய்துவிட்டார்கள். காரணம் இல்லாமலா?

ஐயா, சோழவரத்தை நேரில் பார்த்தவரிடம் வாதாடக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் விட மாட்டேன். தடைக்கு முன்னால் என்ன நடந்தது? 1939-இல் ஐல் ஆஃப் மேன் தீவின் சீனியர் டிடி பந்தயத்தில் கெயார்க் மையர் பிஎம்டபிள்யூ 500 கொம்ப்ரெசர் (சூப்பர்சார்ஜர்) வண்டியில் ஜெயித்தார். அதற்கு இரண்டு வருடம் முன்னால் எர்ன்ஸ்ட் ஹென்னே சூப்பர்சார்ஜர் பிஎம்டபிள்யூவில் மணிக்கு 279.5 கிலோமீட்டர் போனார், வெறும் 500 சிசியில். தோற்கிற தொழில்நுட்பத்தை யாரும் மெனக்கெட்டுத் தடை செய்வதில்லை.

கழற்றிப் போடுகிற கலை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கஃபே ரேசருக்குப் பேர் போன லண்டன் வடக்கு வட்டச் சாலை ஏஸ் கஃபே பையன்கள் எதற்காக டிரைட்டன் கட்டினார்கள்? நார்ட்டனின் ஃபெதர்பெட் ஃபிரேமில் டிரையம்ஃப் இன்ஜினைத் தூக்கி வைத்தது எடை குறைக்கவா? நல்ல ஃபிரேம் ஒருத்தனிடம், நல்ல இன்ஜின் இன்னொருத்தனிடம், இரண்டையும் சேர்த்தால் மணிக்கு நூறு மைல் தொடலாம். அந்த நூறு மைல்தான் பேச்சே. ஹேண்டில் தாழ்ந்தது அழகுக்காக இல்லை, காற்றுக்குக் குனிய.

சோழவரம் தாத்தா: டிரைட்டனில் இன்ஜினுக்குப் பதில் இன்ஜின் வைத்தார்கள். நீங்கள் இன்ஜினோடு இன்னொரு பம்பை வைத்திருக்கிறீர்கள். எத்தனை கிலோ? உண்மையைச் சொல்லுங்கள்.

ப்ளோயர், பிராக்கெட், பெட்டி, இன்டர்கூலர், குழாய் எல்லாம் சேர்த்து பதினான்கு. சைலன்சர், பின் மட்கார்டு, சைடு ஸ்டாண்டு மாற்றியதில் பதினொன்று போனது. ஆக மூன்று கிலோ கடன்.

ஆர்டி350 பைத்தியம்: நடுவில் வருகிறேன். தாத்தா சொல்வது சரி. டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸ்பேன்ஷன் சேம்பரே (வயிறு பெருத்த புகைக்குழாய்) ஊதல் வேலையைச் செய்துவிடும், இரும்பு மூட்டை வேண்டாம்.

டூ ஸ்ட்ரோக்காரர்கள் எந்தப் பேச்சிலும் புகையோடு நுழைவார்கள் என்று தெரியும். தனியாக ஒரு நாள் பேசுவோம்.

சோழவரம் தாத்தா: மூன்று கிலோவை மன்னிக்கிறேன். நீங்கள் போட்ட படத்தில் டாங்கியின் அடியை வெட்டி ப்ளோயருக்கு வழி விட்டிருக்கிறீர்களே, அந்த இடத்தில் முழங்கால் எங்கே வைப்பீர்கள்? கஃபே ரேசரில் முழங்கால் டாங்கியைக் கவ்வ வேண்டும். கவ்வ முடியாத டாங்கி அலங்காரம்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை ஐயா. ஒரு பக்க முழங்கால் அந்தரத்தில்தான் நிற்கிறது. வளைவில் தெரிகிறது. வெட்டியது ஒரு விரற்கடை கூடுதல், அட்டையில் மாதிரி செய்து பார்க்காமல் நேராகத் தகட்டில் கை வைத்ததன் பலன். டாங்கியை மறுபடி செய்யப் போகிறேன். பெயரை மட்டும் மாற்ற மாட்டேன்.

கேள்விக்குறி: இதே செட்டப்பை கிளாசிக் 350-க்கு?

ஒற்றை சிலிண்டர். மேலே புதுவண்டிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

சேலத்து இரும்பு: பெட்ரோல் மேப்பிங் எப்படி? ஸ்டாக் இசியுவே சமாளிக்குமா? கம்ப்ரஷனைக் குறைத்தீங்களா?

சமாளிக்காது. இசியு என்பது பெட்ரோல் அளவை முடிவு செய்யும் கம்ப்யூட்டர்; அதன் ஸ்டாக் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தம் வரை படிக்கத்தான் வைத்தது, அதற்கு மேல் நீங்கள் ஊதுவது அதற்குத் தெரியாது. தெரியாத காற்றுக்குப் பெட்ரோல் ஊற்றாது. பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகும். நான் ஸ்பீடுயினோ போர்டு (நாமே மேப் எழுதிக்கொள்ளும் இசியு) ஒன்றும் இரண்டரை பார் சென்சாரும் பெரிய இன்ஜெக்டரும் போட்டேன். புகையிலிருந்து கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் த்ராட்டிலைப் பாதிக்கு மேல் திறக்காதீர்கள். மீட்டரில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கைப் பார்க்காமல் லாம்டாவைப் பாருங்கள், சரியான கலவையை அது ஒன்று என்று காட்டும். இப்போது பங்கில் வருவது இ20 (20 சதவீதம் எத்தனால்), அதன் சரியான கலவை 13.5 பக்கம். லாம்டாவில் எந்தப் பெட்ரோலானாலும் ஒன்று ஒன்றுதான். பூஸ்டில் 0.80, அதாவது பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக, வைத்திருக்கிறேன். இக்னிஷனை (தீப்பொறி விழும் நேரத்தை) ஏழு டிகிரி பின்னுக்கு இழுத்தேன்.

கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்பது, ஸ்டாக்கில் 9.5. சிலிண்டருக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர் தகடு வைத்தால் 8.5-க்கு இறங்கும், கணக்கு சுலபம். நானும் அதைத்தான் முதலில் செய்தேன், தப்பு. பிஸ்டன் மேலே வரும்போது ஓரத்தில் காற்றை நசுக்கிக் கலக்கும் இடைவெளி அகன்றுவிடுகிறது, கம்ப்ரஷன் குறைந்தும் நாக்கிங் (கலவை தன்னாலேயே வெடித்து இன்ஜின் தட்டுவது) போகவில்லை. பிறகு பிஸ்டன் தலையில் ஐந்து சிசி குழி கடைந்தேன், ஓரத்தைத் தொடாமல். கடைவதற்கு முன் தலையின் தடிமனை அளக்க வேண்டும், இல்லாவிட்டால் குழி இல்லை, ஜன்னல்தான் கிடைக்கும்.

நாக்கிங் காதில் விழும் என்று நம்பாதீர்கள். இந்த பெல்ட் சத்தத்தில் எதுவும் கேட்காது. முழு த்ராட்டிலில் ஒரு இழுப்பு இழுத்து, கிளட்ச் பிடித்து, அப்படியே கில் ஸ்விட்ச் போட்டு, பிளக்கைக் கழற்றுங்கள். வெள்ளைப் பீங்கானைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மிளகுத் தூள் தூவியது போல் கறுப்புப் புள்ளி இருந்தால் இன்ஜின் தட்டுகிறது. அதில் வெள்ளி மினுக்கம் தெரிந்தால் அது உங்கள் பிஸ்டன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

குழாய் குமார்: த்ராட்டிலை மூடினால் ஹோஸ் பிய்த்துக்கொண்டு போகிறது, என்ன செய்ய?

பைபாஸ் வால்வு. த்ராட்டில் மூடினாலும் ப்ளோயர் தள்ளிக்கொண்டுதான் இருக்கும், அந்தக் காற்று திரும்பிப் போக வழி வேண்டும். எனக்கும் பிய்ந்தது. கிளாம்ப்பை இறுக்குவது தீர்வல்ல.

சட்டம் ஒரு கேள்வி: ரோட்டில் ஓட்டலாமா?

கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 182ஏ-வில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. என் வண்டியில் எத்தனை மாற்றம் என்று எண்ணிப் பார்க்க மனசு வரவில்லை. குட்டியானையில் ஏற்றி செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோய்த்தான் ஓட்டுகிறேன். இன்சூரன்ஸ் எப்படி என்று அடுத்த ஆள் கேட்பதற்கு முன்: அதுவும் இதே பதில்தான்.

தார் ரோடு: மைலேஜ்?

மேலே.

என்ஃபீல்டு தம்பி: ஸ்ப்ளெண்டருக்கு…

வேண்டாம்.

பல்லடம் பட்டறை: அண்ணா, பெல்ட் மூடி எத்தனை மில்லிமீட்டர் தகடு? துளை போடணுமா, முழுசா மூடணுமா?

அப்பாடா, ஒருத்தராவது கேட்டீங்க. இரண்டு மில்லிமீட்டர் அலுமினியம், நாலு போல்ட். முழுதாக மூடினால் பெல்ட் சூடாகும், அதனால் துளை வேண்டும். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் போடாதீர்கள், சின்னப் பிள்ளை விரல் நுழையும். பின்பக்கத்தையும் மூடுங்கள், எல்லோரும் முன்பக்கம் மட்டும் போட்டுவிட்டு விடுகிறார்கள். பெல்ட்டுக்கும் தகட்டுக்கும் பத்து மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், வேகத்தில் பெல்ட் பூரித்து அடிக்கும். டென்ஷனர் போல்ட்டுக்கு நேராக மட்டும் ஸ்பேனர் நுழையும் அளவுக்கு ஒரு ரப்பர் மூடி வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் நாலு போல்ட்டைக் கழற்றச் சோம்பல்பட்டு, மூடியை ஷெட் சுவரில் மாட்டிவிட்டு ஓட்டுவீர்கள்.