திசைவேக–நேர வரைபடத்தில் கோடு கீழே இறங்கினால் வண்டி திரும்பி வருகிறது என்று அர்த்தமா?

இல்லை. நானும் படிவம் நான்கில் அப்படியே எழுதி மதிப்பெண்ணைக் கோட்டை விட்டவன்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பாடமெல்லாம் மலாய். திசைவேகம் ஹலாஜு ஆனது, முடுக்கம் பெச்சுத்தான் ஆனது. திடலில் நூறு மீட்டர் ஓட்டத்தை 'லாரி பெச்சுட்' என்பார்களா, பெச்சுத்தான் என்றால் வேகமாகப் போவது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வேகம் மாறும் வீதம்தான் முடுக்கம் என்பது மண்டையில் ஏற வெகுநாளானது.

அப்பா தோட்டத்து லயத்திலிருந்து பெரிய சாலை சிம்பாங் (சந்திப்பு) வரை மோட்டார் சைக்கிளில் போகிறார் என்று வையுங்கள். புறப்பட்டு 6 விநாடியில் விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தைப் பிடிக்கிறார். அதே வேகத்தில் 20 விநாடி. பிறகு பிரேக் பிடித்து 4 விநாடியில் நிற்கிறார். கோட்டின் சாய்வுதான் முடுக்கம்: முதலில் 2, நடுவில் சுழியம், கடைசியில் −3 (மீட்டர்/விநாடி²). கோடு இறங்கும் அந்த 4 விநாடியிலும் அவர் சிம்பாங்கை நோக்கித்தான் போகிறார், இன்னொரு 24 மீட்டர். கோட்டுக்கு அடியில் உள்ள பரப்பைக் கூட்டினால் 36 + 240 + 24, மொத்தம் 300 மீட்டர்.

பரப்பு எப்படித் தூரமாகும்? எனக்கு இதைப் புரியவைத்தது டிக்கர் டேப்: தள்ளுவண்டி இழுத்துப் போகும் காகித நாடா, அதில் மின்சாரத்தில் அதிரும் கருவி ஒன்று சீரான இடைவெளியில் புள்ளி குத்திக்கொண்டே இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 0.02 விநாடி. பத்துப் பத்து இடைவெளியாக நாடாவை வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒட்டுவோம். ஒவ்வொரு துண்டும் 0.2 விநாடியில் தள்ளுவண்டி போன தூரம், எனவே துண்டின் உயரமே வேகத்தைக் காட்டிவிடும். ஒட்டியதைப் பிய்த்து மறுபடி நீளவாக்கில் சேர்த்தால்? வண்டி போன மொத்தத் தூரம் கையில் இருக்கும்! துண்டு எவ்வளவு குட்டையானாலும் வண்டி முன்னேதான் நகர்ந்திருக்கிறது, கவனியுங்கள்.

சரி, எப்போதுதான் திரும்பி வரும்? கோடு சுழியத்தைத் தாண்டி அச்சுக்குக் கீழே போகும்போது. திசைவேகத்தில் கழித்தல் குறி என்றால் எதிர்த்திசை. ஒரு ரம்புத்தானை விநாடிக்கு 9.81 மீட்டர் வேகத்தில் மேலே எறியுங்கள். காற்றுத்தடையை விட்டுவிட்டால், 1 விநாடியில் வேகம் சுழியம், 2 விநாடியில் −9.81, பழம் மறுபடி கையில். வரைபடத்தில் இது ஒரே நேர்கோடு. சுழியத்தைக் கடக்கும் இடத்தில் வளைவதே இல்லை. அதாவது உச்சியில் பழம் ஒரு கணம் நின்றாலும் முடுக்கம் அதே −9.81தான். அங்கே முடுக்கம் சுழியம் என்று எழுதிவிட்டு வருபவர்களை என் டியூஷன் வகுப்பில் வருடா வருடம் பார்க்கிறேன்.

தேர்வில் கோட்டைப் பார்க்கும் முன் நெட்டச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே இடப்பெயர்ச்சி என்றிருந்தால் நீங்கள் நினைத்தது சரி, இறங்கும் கோடு திரும்பி வரும் வண்டிதான்.