காற்றாடிக்கும் கருப்பட்டி அடுப்புக்கும் அரசு நிதி: அண்ணாச்சியிடம் கேட்டவை

கேள்விகள் நிறைய வந்துவிட்டதால் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் சோலார் உலர்த்தி ஒன்றுக்கு அரசு நிதி வாங்கி, செலவழித்து, கணக்கும் ஒப்படைத்தவன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர்: அண்ணாச்சி, மின்சாரம் எடுக்கச் சின்னக் காற்றாடி (காற்றாலை) ஒன்று செய்யலாம் என்று இருக்கிறேன். சிறுதொழில் பதிவான உத்யம் சான்றிதழ் இருக்கிறது. ஸ்டார்ட்அப் நிதி கிடைக்குமா?

உத்யம் மட்டும் வைத்து கிடைக்காது. டிபிஐஐடி (மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை) அங்கீகாரம் வேண்டும், அதை ஒரு ஆள் பெயரில் நடக்கும் பட்டறைக்குக் கொடுக்கமாட்டார்கள். பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை), பதிவு செய்த பங்குதாரர் நிறுவனம் போன்ற ஒன்றாக இருக்க வேண்டும். அதற்காக நாளைக்கே ஆடிட்டரிடம் ஓடாதீர்கள். மத்திய அரசின் தொடக்க நிதியான ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்டுக்கு கம்பெனி தொடங்கி இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். கையில் மாதிரி எதுவும் இல்லாமல் கம்பெனியைப் பதிந்தால் அந்த இரண்டு வருடமும் வெல்டிங்கிலேயே போய்விடும். முதலில் நிதி-பிரயாஸ் பாருங்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையுடையது, தனி ஆளாகவே இன்குபேட்டர் (புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையம்) வழியாகக் கேட்கலாம், மாதிரி செய்ய 10 லட்சம் வரை தருவார்கள்.

காற்றாடி என்பதால் இன்னொன்று. நம்ம பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான். விண்ணப்பத்தில் 'ஆறாவது மாதம் களச் சோதனை' என்று எழுதிவிட்டு அந்த ஆறாவது மாதம் கார்த்திகையில் வந்து விழுந்தால் இறக்கை அசையாது, அடுத்த தவணையும் வராது. ஆடியை நடுவில் வைத்துப் பின்னோக்கி எண்ணி அட்டவணை போடுங்கள்.

வள்ளியூர்: டான்சீட், சீட் ஃபண்ட் இரண்டையும் வாங்கலாமா?

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். டான்சீட் தமிழ்நாடு அரசின் தொடக்க நிதி, பொதுவாக 10 லட்சம். பசுமைத் தொழில்நுட்பம், ஊரகத் தாக்கம், பெண்கள் நடத்தும் நிறுவனம் என்றால் 15 லட்சம். பதிலுக்கு 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்வார்கள். சீட் ஃபண்டில் மாதிரி செய்யவும் சோதிக்கவும் 20 லட்சம் வரை மானியம். ஆனால் மற்ற மத்திய, மாநிலத் திட்டங்களில் ஏற்கனவே 10 லட்சத்துக்கு மேல் பணம் வாங்கியிருந்தால் சீட் ஃபண்ட் கிடையாது. 15 கிடைக்கிறதே என்று முதலில் அதை வாங்கினால் 20-க்கான கதவு சாத்திக்கொள்ளும். எதை முதலில் கேட்பது என்று தாளில் எழுதிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். டான்சீட் நடத்தும் மாநில அரசு நிறுவனமான ஸ்டார்ட்அப் டிஎன்னுக்கு திருநெல்வேலியிலேயே வட்டார மையம் இருக்கிறது, நேரில் போய்க் கேட்கலாம்.

திசையன்விளையிலிருந்து ஒரு அக்கா: பதநீர் காய்ச்ச விறகு குறைவாகப் பிடிக்கும் அடுப்பு செய்திருக்கிறோம். இதுவெல்லாம் 'டெக்னாலஜி' ஆகுமா?

தாராளமாக ஆகும் அக்கா. ஆனால் நேர்காணலில் "விறகு எவ்வளவு மிச்சம்?" என்று கேட்பார்கள், "ஒரு கட்டு மிச்சம்" என்று சொன்னால் எடுபடாது. கட்டு என்பது கட்டுகிற ஆளைப் பொறுத்தது. இந்தப் பருவத்திலேயே ஒரு தராசு வாங்கி, பழைய அடுப்பிலும் புது அடுப்பிலும் ஒரே அளவு பதநீர் ஊற்றி, உள்ளே போன விறகு எத்தனை கிலோ, பாகு பதத்துக்கு வர எத்தனை மணி நேரம், கடைசியில் கருப்பட்டி எத்தனை கிலோ என்று பத்து நாள் நோட்டில் எழுதுங்கள். பச்சை விறகையும் காய்ந்த விறகையும் கலக்காதீர்கள், கணக்கே மாறிவிடும். கரி படிந்த அந்த நோட்டைக் காட்டினாலே பாதி வேலை முடிந்தது.

சேரன்மகாதேவி: சோலார் பம்புக்கு 60 சதவீதம் தருகிறார்களே, நாங்கள் பம்ப் கன்ட்ரோலர் வடிவமைக்கிறோம், அதில் வருமா?

வராது. அது பிஎம்-குசும் என்ற மத்தியத் திட்டம், அந்தப் பணம் பம்ப் வாங்கும் விவசாயிக்கு. நீங்கள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறவர், மேலே சொன்ன திட்டங்கள்தான் உங்களுக்கு.

பாளையங்கோட்டை: யூடியூபில் வீடியோ போட்டால் விண்ணப்பத்துக்கு உதவுமா?

காப்புரிமை விண்ணப்பம் போடும்வரை வேண்டாம். நீங்களே வெளியிட்டாலும் 'புதுமை' போய்விட்டது என்று தள்ளிவிடலாம். ஸ்டார்ட்அப் என்றால் கட்டணம் குறைவு, வரைவு எழுதித் தருபவரின் கூலியை அரசே கொடுக்கும் திட்டமும் உண்டு.

கடையநல்லூர்: வந்த பணத்தில் ஷெட் போடலாமா?

சீட் ஃபண்டில் கட்டடம் போன்ற வசதிகள் ஏற்படுத்தவே கூடாது. எந்த நிதியானாலும் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை இரும்புக் கடையில் ரொக்கமாகக் கொடுத்து, துண்டுச் சீட்டில் பில் வாங்கி வந்தேன், செலவுச் சான்றிதழில் அந்தத் தொகை ஏறவில்லை. அடுத்த தவணை ஐந்து மாதம் நின்றது, உலர்த்திக்குத் தட்டு அடிக்க வந்த பையனுக்கு வீட்டு நகையை அடகு வைத்துத்தான் சம்பளம் கொடுத்தேன்.

தென்காசி: பத்து சதவீதம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார்.

சீட் ஃபண்டில் இன்குபேட்டரே உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று விதி. இவர் யாராம்?