20 நிமிடத்தில் தீர்ப்பா?

கேள்வி: நீங்கள் பாராட்டியதை நம்பி 'ஒன் கட் ஆஃப் த டெட்' என்ற ஜப்பானிய ஜாம்பி படத்தை வீட்டில் போட்டுப் பார்த்தேன். கேமரா ஆடுகிறது, நடிப்பு ஒட்டவில்லை, நடுவில் எல்லாரும் சும்மா நிற்கிறார்கள். 20 நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். செலவு குறைவு என்பதற்காக இதையெல்லாம் மன்னிக்க வேண்டுமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மன்னிக்கவே வேண்டாம். அந்தப் படம் சலுகை எதுவும் கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே உட்காரச் சொல்கிறது. நீங்கள் 20 நிமிடத்தில் எழுந்துவிட்டீர்கள்.

நீங்கள் சொல்லும் குறைகள் எல்லாம் இருக்கின்றன, சரி. ஆனால் அவை எழுதி, ஒத்திகை பார்த்து வைத்தவை. அந்த ஆள் ஏன் சும்மா நிற்கிறார், கேமரா ஏன் தரையில் கிடக்கிறது என்பதற்கெல்லாம் பின்பாதியில் பதில் இருக்கிறது. அதை இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களுக்குப் படமே மிஞ்சாது. முதல் 37 நிமிடம் வெட்டே இல்லாத ஒரே ஷாட். அதில் லென்ஸில் ரத்தம் தெறித்து, துடைத்துவிட்டுத் தொடர்கிறார்களே, அது யாரும் திட்டமிடாமல் நடந்தது.

இயக்குநர் ஷினிச்சிரோ உவேதா, நடிப்புப் பட்டறையில் சேர்ந்த முகம் தெரியாத நடிகர்களை வைத்து, சுமார் 30 லட்சம் யென்னில் எடுத்தார். அன்றைய மதிப்பில் 20 லட்சம் ரூபாய்கூட வராது. 2018 ஜூனில் டோக்கியோவில் இரண்டே தியேட்டர்களில் வெளியானது. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே ஜப்பான் முழுக்கப் பரவி, 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது.

அந்தத் தியேட்டர்களில் உட்கார்ந்தவர்களுக்கும் உங்களுக்குத் தோன்றியதுதான் முதலில் தோன்றியிருக்கும். ஆனால் டிக்கெட் எடுத்தவர் அவ்வளவு சீக்கிரம் எழுந்து போவதில்லை. 37 நிமிடமும் தாண்டிவிடும். வீட்டில் அந்தக் கட்டு கிடையாது, ரிமோட் கையிலேயே இருக்கிறது. பெரிய படம் என்றால் தெரிந்த முகமும் சத்தமும் நம்மைப் பிடித்து வைக்கும். சின்னப் படத்துக்கு நம் பொறுமையை விட்டால் வேறு துணை இல்லை. அதையும் தர மறுத்துவிட்டு, படம் சரியில்லை என்று எழுதுவது நியாயமாகப் படவில்லை எனக்கு.

இன்னொரு முறை போடுங்கள். போனை அடுத்த அறையில் வையுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். முழுதாகப் பார்த்தும் பிடிக்கவில்லை என்றால் திட்டி எழுதுங்கள், அப்படியே அச்சிடுகிறேன். அப்புறம், கடைசியில் பெயர்கள் ஓடும்போது அணைத்துவிட வேண்டாம். அந்த ஒற்றை ஷாட்டை நிஜத்தில் எப்படி ஓடி ஓடி எடுத்தார்கள் என்பதை அங்கேதான் காட்டுகிறார்கள்.