லெட்ஜர் திறக்காமல் வரவு எழுத முடியாது, அம்மணி

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 33. பி.காம். இரண்டாம் ஆண்டு முடித்ததும் திருமணமாகிப் படிப்பு நின்றுவிட்டது. 12 ஆண்டுகள் ஓடிவிட்டன. ராத்திரியில் வீட்டிலிருந்தபடியே 8 வாரம், 12 வாரம் என்று ஆன்லைன் பாடங்கள் படித்தால் கிரெடிட் கிடைக்கும், அதைச் சேர்த்துச் சேர்த்தே டிகிரி வாங்கிவிடலாம் என்கிறாள் உடன் வேலை செய்யும் தோழி. ஒரே மூச்சில் நான்கு பாடம் எடுக்கலாம் என்றிருக்கிறேன். சரிதானா? செல்போன் மட்டும் போதுமா?
வாசகி, அனுப்பர்பாளையம்.

பதில்: அம்மணி, நீங்கள் அக்கவுண்ட்ஸில் இருப்பதால் எனக்குப் பாதி வேலை மிச்சம். டேலி கணக்கு மென்பொருளில் லெட்ஜர் திறக்காமல் ஒரு வரவை எழுதிவிட முடியுமா? இதுவும் அப்படித்தான். பாடம் நடத்துவது ஓரிடம், தேர்வு வைப்பது ஓரிடம். ஆனால் அந்தக் கிரெடிட்டை, அதாவது பாடத்தை முடித்ததற்குக் கிடைக்கும் புள்ளியை, டிகிரிக் கணக்கில் ஏற்ற வேண்டியது நீங்கள் சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகம். நீங்கள் இப்போது எதிலும் சேர்ந்திருக்கவில்லை. இன்றைய நிலையில் பத்துப் பாடம் முடித்தாலும் பத்துச் சான்றிதழ்தான் சேரும். வேலைக்கு அவை உதவலாம், டிகிரி நகராது.

தோழி சொன்னதும் முழுக்கத் தவறில்லை. மத்திய அரசின் ஸ்வயம் என்ற ஆன்லைன் பாடத் தளம் 2017 முதல் நடக்கிறது. பாடங்களில் சேரப் பணம் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிப்படி, ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை இப்படிப் படித்து மாற்றிக்கொள்ள இடமுண்டு. அது மேல்வரம்பு. மீதியை நடத்த ஒரு பல்கலைக்கழகம் வேண்டும், எந்த ஸ்வயம் பாடம் தன் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று முன்கூட்டியே சொல்லவும் அது வேண்டும். படித்து முடித்த பிறகு போய்க் கேட்டால் 'எங்கள் பட்டியலில் இல்லையே' என்று கையை விரித்துவிடுவார்கள்.

கிரெடிட்டைப் போட்டுவைக்க வங்கிக் கணக்கு மாதிரியே ஒன்று உண்டு. அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்று பெயர், டிஜிலாக்கர் வழியாகவே திறந்துகொள்ளலாம். அதில் போட்டது அதிகபட்சம் 7 ஆண்டு வரை செல்லும். 2021-22 கல்வியாண்டு முதல் ஈட்டியதற்கே அங்கே இடம் என்பதால், உங்கள் பழைய இரண்டாண்டு அதில் ஏறாது. அதற்காக அந்த மதிப்பெண் பட்டியல்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் கிடந்தாலும் எடுத்து வெளியே வையுங்கள். புதிதாகச் சேருமிடத்தில், இதைக் கணக்கில் எடுப்பீர்களா என்று கேட்கும்போது அவை கையில் இருக்க வேண்டும்.

எங்கே சேருவது? உங்கள் வேலை நேரத்துக்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான் ஒத்துவரும். 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ இருக்கிறது, 2002இல் தொடங்கிய நம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழில் எழுதினால்தான் கை ஓடும் என்றால் இரண்டாவதை முதலில் விசாரியுங்கள். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதித்த நிறுவனங்களின் பட்டியலை இணையத்தில் வெளியிடுகிறது. பணம் கட்டுமுன் அதில் பெயர் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஆறு மாதத்தில் டிகிரி என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் அதில் வடை மடித்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த நான்கு பாடத்துக்கு வருகிறேன். வேண்டாம். இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. 12 வாரப் பாடம் ஒன்றுக்குப் பொதுவாக 3 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் 90 மணி நேரம், வாரத்துக்கு ஏழரை. நான்கு பாடம் என்றால் வாரத்துக்கு 30 மணி நேரம். ஒன்றரை ஷிப்டு முடித்து எட்டரைக்குக் கம்பெனியை விட்டு வெளியே வருகிற பெண்ணுக்கு அந்த 30 மணி நேரத்தை யார் தருவார்கள்? ராத்திரி தோசை ஊற்றி, பிள்ளைகளின் டைரியில் கையெழுத்துப் போட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு உட்காரும்போது பத்து மணி. பத்திலிருந்து பதினொன்று, வாரத்தில் ஐந்து நாள், ஞாயிறு மத்தியானம் இரண்டரை மணி. ஒரு பாடத்துக்கு இது சரியாக வந்துவிடுகிறது. இரண்டாவதற்கு இடமில்லை.

அதுவும் முதல் தடவை காசு கட்டாமலே ஒத்திகை பாருங்கள். ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய பருவம் தொடங்கும். கணக்குப்பதிவியல் சம்பந்தமாக ஏதாவது ஒரு 8 வாரப் பாடத்தில் சேர்ந்து, நான்கு வாரம் தாக்குப்பிடிக்கிறீர்களா என்று பாருங்கள். தேர்வுக் கட்டணம் பிறகுதான் வரும். ஸ்வயத்தில் ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் அது ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய் அளவில் இருந்துவருகிறது. முடியவில்லை என்றால் நட்டம் ஒன்றுமில்லை.

என்.பி.டி.இ.எல். கணக்கில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. வாராவாரம் வைக்கும் பயிற்சிக்கு 25 மதிப்பெண், நேரில் எழுதும் தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 வாரப் பயிற்சிகளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், 8 வாரப் பாடத்தில் சிறந்த 6. ஆக, ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒரு வாரம் போனாலும், ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டி ஒரு வாரம் போனாலும் தலை போய்விடாது. பயிற்சியில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30, இரண்டும் தனித்தனியாகத் தேற வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஸ்வயத்தில் மற்ற நிறுவனங்கள் தரும் பாடங்களுக்குக் கணக்கு வேறு. சேரும் முன் அந்தந்தப் பாடத்தின் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

கடைசிக் கேள்வி. பாடம் பார்க்கச் செல்போன் போதும். பஸ்ஸில் நின்றுகொண்டே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நோட்டுப் புத்தகம் இல்லாமல் கேட்டது மறுநாள் காலையில் நிற்காது. தேர்வைத் தேர்வு மையத்துக் கம்ப்யூட்டரில் எழுத வேண்டியிருக்கும், அதற்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. தினமும் அதன் முன்னால்தானே உட்காருகிறீர்கள்.

ஒன்று மட்டும். ஹால் டிக்கெட்டோடு அசல் அடையாள அட்டையையும் முதல் நாள் ராத்திரியே பையில் போட்டுவிடுங்கள். நான் ஆதாரின் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு போய் வாசலிலேயே நிறுத்தப்பட்டேன். தம்பி சிங்காநல்லூரிலிருந்து பைக்கில் அசலைக் கொண்டுவந்து கேட்டுக்கு மேலாக நீட்டியபோது மணி எட்டு ஐம்பத்தைந்து. ஒன்பது மணித் தேர்வில் முதல் பத்துக் கேள்விகளை என்ன எழுதினேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.