வீரமாமுனிவரின் இயற்பெயரான ‘கொஸ்தான்ட்ஸோ’வுக்கு என்ன பொருள்? கான்ஸ்டன்டைனும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. ஒரே வேரில் கிளைத்த இரண்டு பெயர்கள்.

வேர், ‘கொன்ஸ்தாரே’ என்ற லத்தீன் வினை. ‘ஸ்தாரே’ என்றால் நிற்றல். முன்னால் ‘கொன்’ சேர்ந்தால் அசையாமல் நிற்றல். ஸ்தானம், ஸ்திரம் ஆகிய வடசொற்களின் ‘ஸ்தா’வுக்கும் இதற்கும் இந்தோ-ஐரோப்பிய மூலம் ஒன்றுதான். அதிலிருந்து கொன்ஸ்தான்ஸ், அதாவது நிலைகுலையாதவன். அதன் வழியே கொன்ஸ்தான்தியுஸ், கொன்ஸ்தான்தினுஸ் என்ற பெயர்களும் வந்தன. கி.பி. 330-இல் கான்ஸ்டான்டினோபிளைத் தலைநகராக்கிய பேரரசர் கொன்ஸ்தான்தினுஸ். அவர் தந்தை கொன்ஸ்தான்தியுஸ். கொன்ஸ்தான்தினுஸுக்குப் பின் ஆண்ட அவருடைய மூன்று மகன்களுக்கும் இந்த மூன்று பெயர்களும் ஆளுக்கொன்று.

கொன்ஸ்தான்தியுஸ்தான் இத்தாலியில் கொஸ்தான்ட்ஸோ ஆனது. ‘ஸ்’ஸுக்கு முன் நின்ற ‘ன்’ பேச்சில் உதிர்ந்தது. மாதத்தைக் குறிக்கும் ‘மென்ஸிஸ்’ ‘மேஸே’ ஆனதும் இப்படித்தான். உயிரெழுத்துக்கு முன் வந்த ‘தி’, ‘ட்ஸ்’ என்று திரிந்தது. லவுரென்தியுஸ் லொரென்ட்ஸோ ஆனதை இதோடு ஒப்பிடலாம். ‘உஸ்’ ஈறு ‘ஓ’வாகத் தேய்ந்தது. கொன்ஸ்தான்தினுஸிலோ ‘தி’யை அடுத்து ‘ன’கர மெய் நிற்பதால் அந்தத் திரிபு நிகழவில்லை, அது கொஸ்தான்தீனோ. ஆங்கிலத்தின் கான்ஸ்டன்டைன் இதற்குத்தான் இணை. ஆகவே 1680-இல் இத்தாலியின் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே ஊரில் பிறந்த வீரமாமுனிவரை, அதாவது பெஸ்கியை, ‘கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி’ என்று எழுதுவது பிழை. தமிழ் நூல்கள் சில அப்படித்தான் எழுதுகின்றன, திருத்த வேண்டும்.

உச்சரிக்கும்போது அழுத்தம் ‘தான்’ மேல் விழ வேண்டும். இத்தாலிய ‘த’ பல்லொலி என்பதால் ‘ஸ்டா’வைவிட ‘ஸ்தா’வே நெருக்கம். பெண்பால் கொஸ்தான்ட்ஸா.

பெஸ்கி தமிழகத்தில் முதலில் ஏற்ற ‘தைரியநாதர்’ என்ற பெயர் மிகப் பொருத்தமான மொழிபெயர்ப்பு. அஞ்சாமை என்ற இன்றைய பொருளை மட்டும் நினைத்தால் அது விளங்காது. வடமொழியில் ‘தைர்யம்’ என்பதற்குக் கலங்காத உறுதி என்பதே அடிப்படைப் பொருள். லத்தீன் ‘கொன்ஸ்தான்தியா’வும் அதுவே. ‘வீரமாமுனிவர்’ பிறகு வந்தது. அதில் வீரம் முன்னுக்கு வந்து, நிலைத்து நிற்றல் பின்னுக்குப் போய்விட்டது.

பழைய தேவாலயப் பதிவேடுகளில் இப்பெயரைத் தேடுவோர் கவனிக்க: பதிவு பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். வீட்டில் கொஸ்தான்ட்ஸோ என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் கொன்ஸ்தான்தியுஸ். ‘இன்னாரின் மகன்’ என்ற இடத்தில் தந்தை பெயர் வேற்றுமை உருபேற்று ‘கொன்ஸ்தான்தியீ’ என வரும். அதைத் தனிப்பெயராக எண்ண வேண்டாம். ‘கொன்ஸ்தான்தினீ’ என்றிருந்தால் மட்டுமே தந்தை கொஸ்தான்தீனோ.