புதிய ஃபீச்சருக்கு பிஆர்டி எழுதுவது எப்படி? நல்ல டெம்ப்ளேட் இருக்கிறதா?

கேள்வி: டெவலப்பராக இருந்து இப்போதுதான் பிராடக்ட் மேனேஜர் வேலைக்கு மாறியிருக்கிறேன். ஒரு புதிய ஃபீச்சருக்கு பிஆர்டி (அது என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கும் தேவை ஆவணம்) எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே தொடங்குவது? நல்ல டெம்ப்ளேட் ஏதாவது உண்டா? அஜைல் (மென்பொருளைச் சின்னச் சின்னப் பகுதிகளாக உருவாக்கித் திருத்திக்கொண்டே போகும் முறை) வந்த பிறகும் இது தேவைதானா?

பதில்:

நானும் இப்படித்தான் வந்து சேர்ந்தேன். கோடு எழுதிக்கொண்டிருந்தவனை ஒரு நாள் பிராடக்ட் பக்கம் தள்ளிவிட்டார்கள். அதனால் நான் சொதப்பியதை வைத்தே சொல்கிறேன்.

டெம்ப்ளேட் தேடுவதை இப்போதைக்கு விடுங்கள். என் முதல் பிஆர்டியை ஒரு டெம்ப்ளேட்டை வைத்துத்தான் எழுதினேன். பின்னணி, சந்தை நிலவரம், பயனர் வகைகள், அபாயங்கள், கலைச்சொற்கள் என்று எந்தத் தலைப்பையும் காலியாக விடக்கூடாது என்ற வைராக்கியத்தில் 22 பக்கம் வந்தது. ஃபீச்சரோ ரொம்பச் சின்னது: டேஷ்போர்டில் இருக்கும் அறிக்கையைப் பயனர் குறிக்கும் நேரத்தில் தானாக மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். தினமும், வாரம் ஒருமுறை, அல்லது மாதம் ஒருமுறை.

மறுநாள் டெஸ்டிங் டீமிலிருந்து ஒருவர் வந்து, "சார், மாசாமாசம் 31-ம் தேதின்னு ஒருத்தர் வெச்சா, பிப்ரவரியில என்ன பண்ணணும்?" என்று கேட்டார். 22 பக்கத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. சந்தை நிலவரம் மட்டும் ஒன்றரைப் பக்கம் இருந்தது.

இதை யார், எந்த நிலைமையில் படிக்கப்போகிறார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. டெவலப்பர் ஒருவர் பாதி கோடு எழுதிவிட்டு, இப்படியா அப்படியா என்று தெரியாமல் நிற்கிறார். நீங்கள் வேறொரு மீட்டிங்கில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் பிஆர்டியைத் திறக்கிறார். பதில் இருந்தால் தப்பித்தோம். இல்லையென்றால் அவரே ஒரு முடிவெடுத்து வேலையை முடித்துவிடுவார், உங்களுக்கு அது ரிலீஸுக்குப் பிறகுதான் தெரியவரும். நீங்களே டெவலப்பராக இருந்தவர், இப்படி எத்தனை முடிவுகளைச் சத்தமில்லாமல் எடுத்திருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த முடிவுகளை முன்கூட்டியே எடுத்து எழுதிவைக்கிற இடம்தான் பிஆர்டி.

அஜைல் பற்றிய கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அஜைல் முறைக்கு அடிப்படையாக 2001-ல் 17 பேர் சேர்ந்து வெளியிட்ட கொள்கை அறிக்கை, விரிவான ஆவணங்களைவிட ஓடும் மென்பொருளுக்கு அதிக மதிப்புத் தருகிறோம் என்றுதான் சொன்னது. ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை மட்டும் எல்லோரும் வசதியாக மறந்துவிட்டோம்.

சரி, எங்கே தொடங்குவது? பிரச்சினையை எழுதுங்கள், தீர்வின் பெயரே அதில் வரக்கூடாது. "பயனருக்கு அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பும் வசதி இல்லை" என்று நான் எழுதியிருந்தேன். இது தீர்வைத் திருப்பிப் போட்டதுதான். உண்மையில் நடந்தது வேறு: திங்கட்கிழமை காலையில் டீம் லீடர் ஒருவர் டேஷ்போர்டில் நுழைந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம் மென்பொருளில் லாகின் இல்லாத தன் மேலதிகாரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நான்கு வாடிக்கையாளர்களிடம் பேசினேன், நான்கு பேரும் கிட்டத்தட்ட இதையேதான் செய்தார்கள். இப்படி எழுதினால், பெறுபவருக்கு லாகின் இருக்காது என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். நான் எழுதாததால், மின்னஞ்சலில் வெறும் லிங்க் மட்டும் போகும்படி டிசைன் வந்தது. லாகின் இல்லாதவருக்கு லிங்க்கை வைத்து என்ன செய்வது?

பிரச்சினையைச் சரியாகப் பிடித்தால் தீர்வு எவ்வளவு சின்னதாகும் என்பதற்கு ஜிமெயிலைப் பாருங்கள். அனுப்பிய அஞ்சலைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டால் அது கிட்டத்தட்ட நடக்காத காரியம்; எதிர்முனை சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததை நாம் பிடுங்கிக்கொண்டு வர முடியாது. ஆனால் மனிதர்களின் பிரச்சினை என்ன? பொத்தானை அழுத்திய அடுத்த நொடியில்தான் தவறு கண்ணில் படுகிறது. அப்படியென்றால் சில நொடிகள் அனுப்பாமல் பிடித்துவைத்தால் போதும். 2009-ல் சோதனை வசதியாக வந்து, 2015-ல் நிரந்தரமான அமைப்பாக மாறியது அதுதான். 5, 10, 20, 30 நொடி என்று நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய பகுதி: எல்லாம் சரியாகப் போகாத நாட்களில் என்ன நடக்க வேண்டும் என்பது. அந்த டெஸ்டரோடு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்தேன். என்னவெல்லாம் வந்தது என்று பாருங்கள். 31-ம் தேதி இல்லாத மாதத்தில் கடைசி நாளன்று அனுப்புவதா, அந்த மாதத்தையே விட்டுவிடுவதா? அறிக்கையில் அன்று தரவே இல்லையென்றால் காலி அறிக்கை போகணுமா? (போகணும். போகவில்லையென்றால் மென்பொருள் கெட்டுப்போனதா, உண்மையிலேயே விற்பனை இல்லையா என்று பெறுபவருக்கு எப்படித் தெரியும்?) முகவரி தவறி அஞ்சல் திரும்பி வந்தால் எத்தனை முறைக்குப் பிறகு நிறுத்துவது, யாருக்குச் சொல்வது? கோப்பு பெரிதாகிவிட்டால்? ஜிமெயிலில் இணைப்புக்கு 25 எம்பி வரம்பு.

நேர மண்டலம் தனித் தலைவலி. அமெரிக்காவில் மார்ச் மாத ஞாயிறு ஒன்றில் கடிகாரம் 2 மணியிலிருந்து நேராக 3-க்குத் தாவும். அன்றைக்கு அதிகாலை 2:30 என்ற நேரமே கிடையாது. நவம்பரில் ஒரு ஞாயிறன்று 1:30 இரண்டு முறை வரும். அறிக்கை போகாமலே இருக்குமா, இரண்டு தடவை போகுமா? டெவலப்பரிடம் கேட்டால் "லைப்ரரி (ஏற்கெனவே எழுதிவைத்த கோடு) பார்த்துக்கும்" என்பார். லைப்ரரி ஏதோ ஒன்றைச் செய்யும்தான், அது நமக்கு வேண்டியதா என்று சொல்ல வேண்டியது நீங்கள்.

இந்த ஒரு மதியத்தில் வந்தது இரண்டு பக்கம். 22 பக்க ஆவணத்தைவிட அந்த இரண்டு பக்கத்தைத்தான் எல்லோரும் கடைசிவரை திறந்து பார்த்தார்கள்.

டெவலப்பராக இருந்து வந்தவர்களுக்கென்றே ஒரு பொறி உண்டு. "ஒவ்வொரு மணிக்கும் ஒரு கிரான் ஜாப் ஓடி அறிக்கைகளை அனுப்பும்" என்று நான் எழுதினேன் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைதான் கிரான் ஜாப்). எழுதியபடியே செய்து கொடுத்தார்கள். வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் தேர்ந்தெடுத்தது திங்கள் காலை 9 மணி. எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி அஞ்சல் சர்வர் மூச்சுத் திணறியது. நான் எழுதியிருக்க வேண்டியது இது: "குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் 99 சதவீத அறிக்கைகள் போய்ச் சேர வேண்டும், அந்த அளவு தாமதம் பயனருக்குப் பரவாயில்லை." அந்த வரி இருந்திருந்தால், அனுப்புவதைப் பரப்பிவிடலாம் என்று டெவலப்பரே கண்டுபிடித்திருப்பார். எப்படிச் செய்வது என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். கை பரபரக்கும், எனக்கும் இன்னும் பரபரக்கிறது.

"வேகமாக", "எளிதாக" போன்ற சொற்களைத் தேடிப் பிடித்து எண்ணாக மாற்றுங்கள். எது கட்டாயம், எது இருந்தால் நல்லது, எது விருப்பம் என்பதையும் ஒரே மாதிரியான சொற்களால் குறியுங்கள். இணைய நெறிமுறைகளை எழுதுபவர்கள் இதற்கென்றே 1997-ல் ஆர்எஃப்சி 2119 என்று ஒரு சின்ன ஆவணம் போட்டிருக்கிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனால் எல்லா வரியும் "வேண்டும்" என்றே முடிந்தால், நேரம் பற்றாமல் போகும்போது எதை வெட்டுவது என்று யாருக்கும் தெரியாது.

எழுதியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1999-ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. தரையில் இருந்த மென்பொருள் ஒன்று உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது, அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு வித்தியாசம். மெட்ரிக் அலகுதான் என்று தேவை ஆவணத்தில் எழுதியே இருந்தது! எழுதியபடி வருகிறதா என்று சோதித்துப் பார்க்கவில்லை. அதனால் ஒவ்வொரு தேவைக்குப் பக்கத்திலும், இதை எப்படிச் சோதிப்போம் என்று ஒரு வரி எழுதுகிறேன். அந்த வரி வரவில்லையென்றால் தேவையே இன்னும் தெளிவாகவில்லை என்று அர்த்தம்.

செய்யப்போவதில்லை என்ற பட்டியலும் வேண்டும், காரணத்தோடு. "வாட்ஸ்அப்பில் அனுப்புவது இந்த ரிலீஸில் இல்லை, கேட்டது ஒரே ஒரு வாடிக்கையாளர்" என்று எழுதி வைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து சேல்ஸ் டீம் வந்து ஏன் செய்யவில்லை என்று கேட்டபோது, அந்த வரியைக் காட்டியதோடு பேச்சு முடிந்தது. வெற்றியை எப்படி அளப்போம் என்பதற்கு ஒரு எண், அது கெட்டுப்போனால் எச்சரிக்கும் இன்னொரு எண், இரண்டும் போதும்.

ரிவியூவுக்கு லிங்க் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், யாரும் படிக்கமாட்டார்கள். அமேசானில் ஆறு பக்கக் குறிப்பை மீட்டிங்கின் தொடக்கத்தில் எல்லோரும் அமைதியாக உட்கார்ந்து படிப்பது வழக்கம். நானும் முதல் கால் மணி நேரத்தை அதற்கே விடுகிறேன். முதல் தடவை ரொம்பச் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. டெஸ்டரை அந்த மீட்டிங்குக்குக் கட்டாயம் கூப்பிடுங்கள். முடிவாகாத கேள்விகளை மறைக்காமல், யார் எந்தத் தேதிக்குள் பதில் சொல்வார் என்று பெயரோடு எழுதிவையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் எங்கள் கண்ணில் படாமல் போன கேள்வி ஒன்று உண்டு. ரிலீஸாகி நான்கு மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர் கோபமாகக் கூப்பிட்டார். அவர்களிடம் வேலை பார்த்த ஒருவர் போட்டி நிறுவனத்துக்குப் போய்விட்டார். போகும்போது அவருடைய கணக்கை முறைப்படி மூடிவிட்டார்கள். ஆனால் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அவர் போட்டிருந்த அட்டவணை மட்டும் உயிரோடு இருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை 9 மணிக்கு விற்பனைக் கணக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. சரிசெய்ய டெவலப்பருக்கு அரை நாள்தான் ஆனது. மன்னிப்புக் கேட்டு முடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அப்போதிலிருந்து நான் எழுதும் எல்லா பிஆர்டியிலும், பிரச்சினைப் பத்திக்குக் கீழே முதல் கேள்வி இதுதான்: இதை அமைத்தவர் போய்விட்டால் என்ன ஆகும்?