விடியற்காலைக் குரலும் ஊழியக்காரர் சொன்ன உத்தரவும்

கேள்வி: ஐயா அவர்களுக்குத் தோத்திரம். திசையன்விளைப் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. வயது 57. வீட்டுக்காரர் போன வருடம் மாரடைப்பில் இறந்துபோனார். அதற்கப்புறம் காலை நாலு மணி ஜெபத்துக்கு எழும்புகிற நேரத்தில் என் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிடுவது தெளிவாகக் கேட்கிறது. இரண்டு தடவை அறையெல்லாம் வெளிச்சமாக இருந்தது. பயமே இல்லை, மனசுக்கு அவ்வளவு சமாதானம். இதை ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் சொன்னேன். வெளியூரிலிருந்து வந்திருந்த ஊழியக்காரர் என் தலையில் கைவைத்து, "கர்த்தர் உன்னைச் சாமுவேலைப்போல அழைக்கிறார். உன் முருங்கைத் தோட்டத்தை ஊழியத்துக்குக் கேட்கிறார். பிரஷர் மாத்திரையை விட்டுவிடு, விசுவாசி" என்றார். தோட்டம் இருப்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. மகன், "உனக்குப் புத்தி பேதலிச்சிட்டு" என்று சத்தம் போடுகிறான். எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நான் கேட்டது கர்த்தருடைய சத்தம்தானா? கீழ்ப்படியாமல் போனால் பாவமா? சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையில் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள், சொல்லலாமா?
(பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டிருக்கிறார்.)

பதில்: அன்புள்ள சகோதரி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் மாத்திரை. இதைப் படித்த கையோடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் பிரஷர் பாருங்கள். மூன்று வாரமாக நிறுத்திவிட்டேன் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். பிரஷர் ஏறுவது பலபேருக்குத் தெரியாது. பக்கவாதம் வந்த பிறகுதான் தெரியும். மாத்திரை போடுவது அவிசுவாசம் என்று வேதத்தில் எங்கும் இல்லை. பவுலோடு கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு வந்தபோது, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்றுதான் பவுல் எழுதினார். துரோப்பீமு என்ற ஊழியக்காரரை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்ததாகவும் அவரே எழுதுகிறார். பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இரண்டு காரியங்கள் ஒரே முடிச்சில் கிடக்கின்றன. நீங்கள் கேட்ட குரல் ஒன்று. அந்த மனிதர் சொன்ன உத்தரவு இன்னொன்று. உங்களைக் கூப்பிட்ட குரல் தோட்டம் கேட்டதா? மாத்திரையைப் பற்றிப் பேசியதா? நீங்கள் எழுதியபடி பார்த்தால் உங்கள் பெயரைத் தவிர அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மீதி எல்லாம் அவர் சேர்த்தது. குரல் நிஜம் என்பதற்காக உத்தரவும் நிஜம் என்று ஆகிவிடாது.

குரலைப் பற்றி முதலில். துணையை இழந்தவர்களுக்கு இப்படிக் கேட்பது நாம் நினைப்பதைவிட மிகச் சாதாரணம். வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி, 1971-ல் அதை வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல உணர்ந்திருக்கிறார்கள். சிலர் குரலைக் கேட்டிருக்கிறார்கள், சிலர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலோர் அதை வெளியே சொன்னதே இல்லை. தூக்கமும் விழிப்பும் கலந்து கிடக்கிற அந்த நாலு மணி நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோலக் கேட்பதும், வெளிச்சம் தெரிவதும் நல்ல மனநிலையில் இருப்பவர்களுக்கும் நடப்பதுதான். ஆகவே புத்தி பேதலிக்கவில்லை. மகனிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

அப்படியானால் வெறும் மனப்பிரமையா என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கர்த்தர் யோசேப்போடு சொப்பனத்தில் பேசினார் என்று நம்புகிற நான், உங்களோடு பேசவே மாட்டார் என்று எந்த வாயால் சொல்வது? துக்கத்தில் மனசு செய்கிற வேலையைக் கொண்டே ஆண்டவர் ஆறுதல் சொல்லவும் கூடும். அந்தச் சமாதானத்துக்கு நன்றி சொல்லுங்கள், அதோடு விடுங்கள். எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கே தீர்ப்பு எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். குரல் உங்களுக்கு உத்தரவு போட ஆரம்பித்தாலோ, உங்களையோ மற்றவர்களையோ காயப்படுத்தச் சொன்னாலோ, பகலிலும் பலபேர் பேசுவதுபோலக் கேட்டாலோ, தூக்கமும் சாப்பாடும் போய்விட்டாலோ, அன்றைக்கே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம்; போவதற்கு முன்னால் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற அரசு எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

இப்போது உத்தரவு. அவர் சாமுவேலைச் சொன்னார் அல்லவா? 1 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்தை இன்று ராத்திரி நிதானமாக வாசித்துப் பாருங்கள். பிள்ளை சாமுவேல் சத்தம் கேட்டு மூன்று தரம் ஆசாரியரான ஏலியிடம் ஓடுகிறான். கூப்பிடுகிறது கர்த்தர் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் கண் மங்கிப்போன அந்தக் கிழவர்தான். அப்புறம் வந்த வார்த்தை என்ன? ஏலியின் வீட்டுக்கு விரோதமான தீர்ப்பு. அர்த்தம் சொல்லிக்கொடுத்தவருக்கு அந்தச் செய்தியால் ஒரு காசு லாபம் இல்லை, நஷ்டம்தான். ஆனாலும் ஒன்றையும் மறைக்காதே என்று பிள்ளையைக் கேட்டு வாங்கினார். உங்கள் விஷயத்தில் அர்த்தம் சொன்னவருக்கு முருங்கைத் தோட்டம்.

வேதத்தில் இன்னொரு சம்பவம் இருக்கிறது. பிரசங்கத்தில் அதிகம் கேட்டிருக்கமாட்டீர்கள். 1 இராஜாக்கள் 13. யூதாவிலிருந்து ஒரு தேவமனுஷன் பெத்தேலுக்கு வருகிறான். இங்கே சாப்பிடாதே, தண்ணீர் குடிக்காதே, வந்த வழியாய்த் திரும்பாதே என்று கர்த்தர் அவனுக்கே நேராகச் சொல்லியிருக்கிறார். ராஜா கூப்பிட்டும் அவன் போகவில்லை. பிறகு அந்த ஊரில் குடியிருந்த வயதான தீர்க்கதரிசி ஒருவர் வந்து, "உன்னைப்போல நானும் தீர்க்கதரிசிதான்" என்கிறார். உன்னை வீட்டுக்கு அழைத்துவரும்படி ஒரு தூதன் என்னிடம் சொன்னான் என்கிறார். அது பொய் என்று வேதமே அந்த இடத்தில் சொல்லிவிடுகிறது. தேவமனுஷன் நம்பிப் போனான், சாப்பிட்டான். திரும்பும் வழியில் சிங்கம் அடித்துப் போட்டது. ராஜாவின் விருந்துக்கு மசியாதவன் ஒரு ஊழியக்காரரின் 'தூதன் சொன்னான்' என்ற வார்த்தைக்கு மசிந்துவிட்டான். இத்தனைக்கும் அந்தக் கிழவர் போலி இல்லை. அதே பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு மெய்யாகவே கர்த்தருடைய வார்த்தை வந்தது. வரம் உள்ள ஒருவர் பொய்யும் சொல்லக்கூடும் என்பதை ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள்.

'தோட்டம் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்' என்பதுதான் உங்களை மிகவும் அசைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். சகோதரி, நம் ஊர்களில் யாருக்கு எத்தனை மரம், எந்தச் செம்மண் தேரியில் யாருக்கு எவ்வளவு நிலம் என்பது டீக்கடையில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். கூட்டத்துக்கு உங்களை அழைத்துப்போனவர்களுக்குத் தெரியாதா? அப்படியே அவருக்கு அதிசயமாகத் தெரிந்ததாக வைத்துக்கொள்வோம். பிலிப்பியில் குறிசொல்லுகிற பெண் பவுலின் பின்னாலேயே வந்து, இவர்கள் உன்னதமான தேவனுடைய ஊழியக்காரர் என்று பல நாள் கத்தினாள். சொன்னது முழுக்க உண்மை. அவளுக்குள் இருந்த ஆவியைத்தான் பவுல் துரத்தினார். ஒருவர் சொன்ன அடையாளம் பலித்தாலும் அவர் பின்னே போய்விடாதே என்று உபாகமம் 13 எச்சரிக்கிறது. உண்மையைச் சொன்னார் என்பதால் அவர் சொன்னதெல்லாம் ஆண்டவர் சொன்னது ஆகிவிடாது.

கீழ்ப்படியாவிட்டால், நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்து விழுந்து செத்த அனனியாவைப்போல ஆகிவிடுவாய் என்று யாராவது பயமுறுத்துவார்கள். அந்தப் பகுதியையும் முழுதாக வாசியுங்கள். பேதுரு அனனியாவிடம் கேட்டது, "அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ?" என்று. நிலத்தைக் கொடுக்காததற்காக அவன் சாகவில்லை, பொய் சொன்னதற்காகச் செத்தான். அப்போஸ்தலரே 'உன்னுடையது' என்று விட்டுவைத்த நிலத்தை வெளியூர் பிரசங்கியார் உத்தரவு போட்டு வாங்கமுடியாது. இன்னொன்று, தோட்டத்துப் பட்டா யார் பேரில் இருக்கிறது? உங்கள் வீட்டுக்காரர் பேரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், 1925-ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவ விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. அப்படியானால் முழுத் தோட்டத்தையும் கொடுக்க உங்களுக்கே உரிமை கிடையாது. பிள்ளைகள் பங்கைத் தூக்கிக் காணிக்கை போடச் சொல்கிறவர் கர்த்தரா? எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதற்காகத் தீர்க்கதரிசனம் எல்லாமே பித்தலாட்டம் என்று நான் எழுதுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்று சொன்ன பவுல்தான் அடுத்த வசனத்திலேயே எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறார். கொரிந்து சபைக்கு எழுதும்போது, இரண்டு மூன்று பேர் தீர்க்கதரிசனம் சொல்லட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்கிறார். பவுலுக்கே இது நடந்தது. எருசலேமில் கட்டப்படுவாய் என்று அகபு என்ற தீர்க்கதரிசி சொன்னபோது கூட இருந்த எல்லாரும், போகாதீர் என்று அழுதார்கள். செய்தி ஆவியானவருடையது. 'போகாதே' என்பது இவர்கள் பாசத்தில் சேர்த்தது. பவுல் போனார். அவர்களும் கடைசியில், "கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது" என்று அமர்ந்துவிட்டார்கள். மறுத்ததற்காக யாரும் அவரைச் சபிக்கவில்லை.

நம் திருநெல்வேலிச் சீமைக்கு இது புதிதும் இல்லை. இங்கே ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் சபைகளில் 1860-ல் ஒரு எழுப்புதல் வந்தது. ஜனங்கள் அழுதார்கள், நடுங்கி விழுந்தார்கள், தரிசனம் கண்டார்கள், தீர்க்கதரிசனம் உரைத்தார்கள். மிஷனரிகளில் சிலர் தேவசெயல் என்றார்கள், சிலர் வெறும் உணர்ச்சி என்று ஒதுக்கினார்கள். அந்த அலை 1870-களில் திருவாங்கூர் பக்கமும் பரவியது. அங்கே ஒரு கூட்டத்தார் 1881-ல் கிறிஸ்து வருவார் என்று கணக்குப் போட்டு ஏமாந்தும் போனார்கள். ஒரே எழுப்புதலில் கோதுமையும் பதரும். அழுகை, நடுக்கம், வசனம் திடீரென்று மனசில் வந்து விழுவது, இவையெல்லாம் தேவனால் வந்தது என்பதற்கும் ஆதாரமில்லை, வரவில்லை என்பதற்கும் ஆதாரமில்லை என்று ஜோனத்தான் எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க ஐயர் 1746-ல் ஒரு புத்தகமே எழுதினார். எழுப்புதலைத் தன் சொந்தச் சபையில் பார்த்தவர் அவர். கூட்டம் முடிந்து பல வருடம் ஆனபின் அந்த மனிதர் எப்படி நடக்கிறார் என்று பாருங்கள் என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

உங்கள் ஐயரிடம் சொல்லக் கூச்சம் என்கிறீர்கள். அந்தக் கூச்சத்துக்கு எங்களைப் போன்றவர்களும் காரணம். யாராவது வெளிச்சம் கண்டேன் என்று வந்தால், "அதெல்லாம் பெந்தெகொஸ்துக்காரங்க சமாச்சாரம்" என்று சிரித்து அனுப்பிவிடுகிறோம். அவர்கள் தலையில் கைவைக்கிற முதல் ஆளிடம் போய் நிற்கிறார்கள். ஐயரிடம் கூச்சமென்றால் ஐயரம்மாவிடம் சொல்லுங்கள், இல்லை நாற்பது வருடமாக உங்களைத் தெரிந்த ஒரு மூத்த அம்மாவிடம் சொல்லுங்கள். உங்களிடம் எதையும் எதிர்பார்க்காதவராக இருக்க வேண்டும், 'எனக்குத் தெரியவில்லை, பொறுத்துப் பார்ப்போம்' என்று சொல்லத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். அந்த ஊழியக்காரர் திரும்ப வந்தால், "எங்கள் ஐயரும் என் பிள்ளைகளும் இருக்கும்போது வந்து சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். ஆண்டவர் சொன்னதை நாலுபேர் முன்னால் சொல்ல என்ன தயக்கம்?

அசனப் பண்டிகையில் சாட்சி வேண்டாம், இந்த வருடம் வேண்டாம். பவுல் மூன்றாம் வானம் வரைக்கும் எடுத்துக்கொள்ளப்பட்ட அனுபவத்தைக் கொரிந்தியருக்கு எழுதும்போது பதினாலு வருஷம் ஆகியிருந்தது. அப்போதும் யாரோ ஒரு மனுஷனைப்பற்றிச் சொல்வதுபோலத்தான் எழுதினார். மைக்கில் ஒருதரம் சொல்லிவிட்டால் நாளைக்கு வேறுவிதமாகத் தோன்றினாலும் மாற்றிச் சொல்லக் கூச்சமாகிவிடும். வருகிறவர்கள் போகிறவர்களெல்லாம் ஆளுக்கொரு அர்த்தம் சொல்லவும் தொடங்குவார்கள். அசனத்துக்கு அரிசி கொடுங்கள், பந்தி பரிமாறுங்கள், வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

இந்தப் பக்கத்தை மகனிடம் கொடுங்கள், கடைசிப் பத்தி அவருக்கு. தம்பி, தோட்டத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டது நியாயம். ஆனால் அப்பா போனபிறகு அம்மாவுக்கு அந்த நாலு மணி எப்படி இருக்கிறது என்று ஒருதடவை உட்கார்ந்து கேட்டீர்களா? கேளுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். தோட்டப் பேச்சு அன்றைக்கு வேண்டாம். மறுநாள் காலையில் பைக்கில் உட்காரவைத்து நீங்களே சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள், பழைய மாத்திரைச் சீட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.